கையில் கட்டும் ஹை வோல்டேஜ் டிடெக்டர் 11 கே.வி. பேனல் பக்கத்தில் கத்தவே இல்லை. பழுதா?

பாயான்லெப்பாஸ்_டெக்னீஷியன்:
வணக்கம். பினாங்குல ஒரு ஃபேக்டரில மெயின்டெனன்ஸ்ல சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் புஜத்துல கட்டிக்கிற ஹை வோல்டேஜ் டிடெக்டர் குடுத்தாங்க. கரண்டு இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போனா கத்தும்னு சொன்னாங்க, வேற பயிற்சி எதுவும் இல்லை.

வேலிக்கு வெளியே போற ஓவர்ஹெட் லைனுக்குக் கீழ நடந்தா விடாம கத்துது. ஆனா சப்ஸ்டேஷனுக்குள்ள 11 கே.வி. பேனலை ஒட்டி நின்னா சத்தமே இல்லை. ஃபேக்டரி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அப்ப உள்ள கரண்டு இல்லாம எப்படி? கேபிள் மேல கையை வச்சும் பாத்தேன், கத்தலை. செல்ஃப் டெஸ்ட் பட்டனை அமுக்கினா விளக்கும் சத்தமும் சரியா வருது.

வர்ற ஞாயிறு ஷட்டவுன். டிரான்ஸ்ஃபார்மர் கேபிள் பாக்ஸைத் திறக்கணும். "அது கத்தலைன்னா தொடலாம்"னு சூப்பர்வைசர் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பலை. யாராவது விளக்குங்களேன்.

ஜெலுத்தோங்_வயர்மேன்:
பேட்டரியை மாத்திப் பாருங்க. எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு.

பிறை_சார்ஜ்மேன்:
பேட்டரி இல்லை. பேட்டரி போயிருந்தா லைனுக்குக் கீழ கத்தியிருக்காதே.

தம்பி, கேபிள் மேல கையை வச்சேன்னு படிச்சதும் பதறிட்டேன். சோதனைக்குக்கூட இனி அப்படிச் செய்யாதீங்க.

உங்க டிடெக்டர் நல்லாத்தான் இருக்கு. அது உணர்றது மின்புலத்தை, அதுவும் 50 ஹெர்ட்ஸ்ல மாறிக்கிட்டே இருக்கிற ஏ.சி. புலத்தை. ஓவர்ஹெட் கம்பி திறந்த வெளியில தொங்குது, புலம் தரை வரைக்கும் பரவுது, அதனால கத்துது. 11 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள்ல இன்சுலேஷனுக்கு மேல செம்பு ஸ்கிரீன் சுத்தி எர்த் பண்ணியிருக்கும். உள்ள ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 6.35 கே.வி. நின்னாலும் புலம் ஸ்கிரீனைத் தாண்டாது. பேனலும் எர்த் பண்ணின இரும்புப் பெட்டிதான். அங்க அது கத்தாததுதான் இயல்பு.

கேபிள் பாக்ஸ் மூடியைத் திறந்த பிறகும் அதை நம்பக்கூடாது. மூணு ஃபேஸும் நெருக்கமா இருந்தா புலம் ஒண்ணையொண்ணு குறைச்சிடும். டிடெக்டர் இடது கையில இருந்து வலது கையை நீட்டினீங்கன்னா உங்க உடம்பே மறைச்சிடும். டி.சி.க்கு அது கத்தவே கத்தாது: கூரைமேல இருக்கிற சோலார் கேபிள், ஆஃப் பண்ணின பிறகும் சார்ஜ் நிக்கிற கெப்பாசிட்டர் பேங்க், ரெண்டும் அதுக்குத் தெரியாது. செல்ஃப் டெஸ்ட் பட்டனும் கருவி வேலை செய்யுதுன்னுதான் சொல்லும், எதிர்ல கரண்டு இல்லைன்னு சொல்லாது.

கத்தினா நில்லுங்க, பின்னாடி வாங்க. கத்தலைன்னா அதுல இருந்து எந்த முடிவுக்கும் வராதீங்க.

ஞாயிறு வேலைக்கு 11 கே.வி.க்குத் தகுதிச் சான்றிதழ் உள்ள சார்ஜ்மேன், அதாவது மின்சாதனங்களை இயக்க அனுமதி உள்ளவர், அங்க நிக்கணும். பிரேக்கரைத் திறந்து, ஐசோலேட் பண்ணி, பூட்டுப் போட்டு டேக் மாட்டட்டும். பேனல் முகப்புல இருக்கிற வோல்டேஜ் விளக்கை, ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே மூணு ஃபேஸும் எரியுதான்னு பாத்து வச்சுக்கணும். இல்லைன்னா பல்பு போனதையும் கரண்டு போனதையும் பிரிக்க முடியாது. பிறகு எர்த் சுவிட்ச். கேபிள் பாக்ஸ்கிட்ட ஐ.இ.சி. 61243-1 தரத்துல இன்சுலேட்டட் குச்சி முனையில மாட்டுற டெஸ்டரால ஒவ்வொரு ஃபேஸையும் தொட்டுப் பாக்கணும். அந்த டெஸ்டரை முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை புரூவிங் யூனிட்ல (டெஸ்டரைச் சோதிக்க வோல்டேஜ் குடுக்கிற சின்னக் கருவி) சரிபாக்கணும். பின்னாடி பாக்குறதை நிறையப் பேர் விட்டுடுறாங்க, நடுவுல டெஸ்டரே செத்திருந்தா எப்படித் தெரியும்?

இன்னொண்ணு: 400 வோல்ட் பக்கத்தையும் பூட்டுங்க. ஜென்செட் தவறுதலா அந்தப் பக்கம் ஏறிச்சுன்னா டிரான்ஸ்ஃபார்மர் அதை 11 கே.வி.யா மாத்தி நீங்க வேலை பாக்குற இடத்துக்கே அனுப்பிடும்.

பாயான்லெப்பாஸ்_டெக்னீஷியன்:
ரொம்ப நன்றிண்ணே. ஒரு சந்தேகம். போன மாசம் லைன் ஓரமா ஒரு பழைய கம்பியைக் கழட்டினாங்க, ரெண்டு பக்கமும் துண்டிச்சாச்சுன்னாங்க. இப்ப அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அதுகிட்டப் போனா டிடெக்டர் கத்துது. பொய்யாக் கத்துதா?

பிறை_சார்ஜ்மேன்:
பொய்யுன்னு நினைக்காதீங்க. உயிரோட இருக்கிற லைனுக்கு இணையா எர்த் பண்ணாம கிடக்கிற கம்பியில தூண்டல்னால வோல்டேஜ் ஏறும், தொட்டா ஆளைத் தூக்கிடும். சார்ஜ்மேன் எர்த் பண்ற வரைக்கும் அது லைவ் கம்பிதான்.

பாயான்லெப்பாஸ்_டெக்னீஷியன் (திங்கள்):
அண்ணே, நீங்க எழுதினதை அப்படியே சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு, பிறகு வெளிய இருந்து சார்ஜ்மேனை வரவழைச்சாரு. எம்.எஸ்.பி. (400 வோல்ட் மெயின் சுவிட்ச்போர்டு) பிரேக்கருக்கும் ஜென்செட்டுக்கும் பூட்டு போட்டு, மூணு ஃபேஸும் குச்சியால பாத்து, எர்த் மாட்டின பிறகுதான் நான் ஸ்பேனரை எடுத்தேன். டிடெக்டரை இப்ப எந்தக் கையை நீட்டுறேனோ அந்தக் கையில கட்டுறேன்.