அம்மாவுக்கு நான் அனுப்பும் பணம் அண்ணன் பெயரில்

கேள்வி:
கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் அம்மாவின் மளிகை, மருந்து, வீட்டுவேலைக்கு வரும் அம்மாளின் சம்பளம் ஆகிய செலவுகளைச் சென்னையிலிருந்து நான்தான் கவனித்துவருகிறேன். என் கணவருக்கும் இதில் மறுப்பில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரிடம் "பையன் அனுப்புகிறான்" என்றே அம்மா சொல்லிவருகிறார். பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர் என்பது தெரிந்தும், தீபாவளிக்கு மட்டும் வந்துபோகும் அண்ணனுக்கு அந்தப் பெயர் போவதைக் கேட்கும்போது மனம் சுருங்கிவிடுகிறது. இதை அவரிடம் நேரடியாகப் பேசலாமா?

மறுமொழி 1:
தாராளமாகப் பேசுங்கள். திருமணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகனையும் மகளையும் ஒன்றாகவே வைக்கிறது. நீங்கள் தருவது தயவு அன்று என்று தெரிந்தால் அவருடைய கூச்சம் குறையலாம்.

மறுமொழி 2:
சட்டத்தைச் சொன்னால் அம்மாவின் கூச்சம் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மகள் காசில் வாழ்கிறார் என்றால் மகன் கைவிட்டுவிட்டான் என்றுதான் அந்தத் தெரு பொருள்கொள்ளும். உங்கள் அம்மா மறைப்பது உங்களை அன்று, அந்தக் குறையை. நீங்கள் எப்படியும் விலகமாட்டீர்கள் என்ற உறுதி இருப்பதால்தான், விலகிப்போகக்கூடிய பிள்ளையின் பெயரை அவர் அவ்வளவு கவனமாகக் காக்கிறார் என்பது என் எண்ணம். (இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.) பணத்தைக் கையில் கொடுக்காமல் மாதந்தோறும் அவருடைய வங்கிக் கணக்கில் தானாகச் சேரும்படி செய்யுங்கள், தன் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழிக்கும்போது வாங்குகிறோம் என்ற உணர்வு மட்டுப்படும். அதைவிட முக்கியமாக, வடகமோ மாவடுவோ அவர் கொடுத்தனுப்பினால் "கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு சிரமம்" என்று தடுக்காதீர்கள். கொடுக்க வழியில்லாத தாய்க்கு வாங்குவது மேலும் கடினமாகிவிடும்.

மறுமொழி 3:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அண்ணனை அப்படியே விட்டுவிடுவது சரியில்லை. உங்கள் வருத்தத்தில் பாதிக்கு மேல் அவரைப் பற்றியது. அதை அம்மாவிடம் கொண்டுபோனால் இரு பிள்ளைகளுக்கும் நடுவே அவர்தான் தவிப்பார். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பையாவது ஏற்கும்படி அண்ணனிடமே கேளுங்கள், அம்மாவுக்குத் தெரியாமல்.