சொந்தமாக பியூட்டி பாலர் திறக்க வெளிக்கிடுறன் – காசு கட்டமுதல் என்ன பார்க்கவேணும்?

செவ்வந்தி:

அழகுக்கலையில என்விகியூ 4 (தொழில் தகைமைச் சான்றிதழ்) முடிச்சிட்டன். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில றோட்டுக் கரையோட ஒரு வீட்டின்ர முன்பக்கம் வாடகைக்குக் கதைச்சிருக்கு. 12 அடிக்கு 18 அடி ஒரு அறை, அதோட ஒட்டி ஒரு சின்ன அறை. வீட்டுக்காரர் கனடாவில, சாவி அவற்ற தமக்கையிட்ட. பெண்களுக்கு மட்டும்தான். புருவம், வக்ஸிங், ஃபேஷியல், முடி வெட்டு, கலரிங், கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்திறது. தொடக்கத்தில நானும் இன்னொரு பிள்ளையும். மூண்டு கதிரை, பெரிய கண்ணாடி, ஷம்பூ பேசின், ஏசி எல்லாத்துக்கும் விலை எடுத்து வைச்சிருக்கிறன். தை மாதக் கலியாணங்களுக்கு முன்னம் திறக்கவேணும். முற்பணம் கட்டமுதல் வேற என்ன பார்க்கவேணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

கிணத்தடி:

தங்கச்சி, கதிரையும் கண்ணாடியும் எப்பவும் வாங்கலாம். முதல் அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணியைப் பாருங்கோ. எங்கட நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. தண்ணி அதுக்குள்ளால ஊறி வரேக்க கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைச்சுக்கொண்டு வருது, அதைத்தான் வன்தண்ணி எண்டுறது. குடிக்கப் பழகின நாக்குக்கு அது தெரியாது, தலைமயிருக்குத் தெரியும். ஷம்பூ நுரைக்காது, கழுவின பிறகும் மயிர் பிசுபிசுப்பா, சொரசொரப்பாக் கிடக்கும், கலர் மங்கலா விழும். வாற ஆள் தண்ணியைக் குறை சொல்லமாட்டா, உங்கட கையைத்தான் சொல்லுவா.

பரிசோதிக்கிறது சுகம். உள்ளுக்குத் தெரியிற வெள்ளைப் போத்தல் ஒண்டில பாதிக்குத் தண்ணி விட்டு, சாதாரண சவர்க்காரத்தைச் சீவிப் போட்டு மூடிக் குலுக்குங்கோ. சலவைத்தூள் போடக்கூடாது, அது வன்தண்ணியிலயும் நுரைக்கும். நுரை நிண்டா நல்ல தண்ணி. நுரை வராமல் மேல வெள்ளைத் தயிர்மாதிரி ஆடை மிதந்து தண்ணி கலங்கினா வன்தண்ணி. ஆய்வுகூடத்தில குடுத்துப் பார்த்தா, ஒரு லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல வன்மை எண்டு வந்தால் அது மிக வன்மையான தண்ணி. டிடிஎஸ் மீற்றர் காட்டுற எண்ணை நம்பி முடிவெடுக்காதேங்கோ. அது உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், வன்மையைத் தனியாச் சொல்லாது.

அடுத்தது கழிவுநீர். ஷம்பூ பேசினில இருந்து 2 அங்குல பைப் வேணும், 4 அடிக்கு 1 அங்குலம் சரிவு. பேசினுக்குக் கீழ கழட்டித் துப்பரவாக்கக்கூடிய போத்தல் ட்ராப்பும், மேல மயிர் பிடிக்கிற வலையும் போடுங்கோ. மயிர், கண்டிஷனர், சுண்ணாம்புப் படிவு மூண்டும் சேர்ந்தால் பைப்புக்குள்ள கயிறுமாதிரித் திரிஞ்சு இறுகும், அமிலம் ஊத்தினாலும் அசையாது. வலையை ஒவ்வொரு தலைக்கும் பிறகு எடுத்துத் துடைக்கவேணும். கழிவு எந்தக் குழிக்குப் போகுது எண்டு கட்டாயம் பாருங்கோ. கலர்த் தண்ணி போற குழி கிணத்துக்கு 50 அடிக்குள்ள இருந்தால் அந்த இடம் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில வெடிப்பும் பொந்தும் கூட. குழியில ஊத்தினது மணலில வடிஞ்சு போறமாதிரி வடியாது, நேரா ஓடிப்போய்க் கிணத்தில நிக்கும். அந்தக் கிணத்தில பக்கத்து வீட்டுக் குழந்தையும் குடிக்குது.

பிறகு கறண்ட். அந்த வீட்டுக்கு ஒற்றை ஃபேஸ் 30 அம்பியர் எண்டு வைப்பம். 30 ஐ 230 ஆல பெருக்கினா 6900 வாற்ஸ். அவ்வளவுதான் உங்கட கொள்ளளவு. ஒரு ஹெயார் ட்றையர் 2000, 12000 பிரியூ ஏசி 1100, தண்ணி சூடாக்கிற 15 லீற்றர் கீசர் 1500, ஸ்ரீமர் 750, கிணத்து மோட்டர் 550, வக்ஸ் ஹீற்றர் 100. கூட்டினா 6000, கிட்டத்தட்ட 26 அம்பியர். தாங்கும். பொம்பிளையின்ர சீலையை அயன் பண்ண 1000 வாற்ஸ் பெட்டியைக் குத்தின உடன 30 அம்பியரைத் தாண்டியிடும். கலியாணத்தண்டு விடிய 5 மணிக்கு பிறேக்கர் விழக்கூடும். இரண்டு ட்றையர் ஒண்டா ஓடவேணும் எண்டால் மூண்டு ஃபேஸுக்கு இப்பவே விண்ணப்பியுங்கோ. இல்லாட்டி சீலை அயன் பண்ணுறதை முதல்நாள் பின்னேரத்துக்கு மாத்துங்கோ.

பிளக் பொயின்ற்றுக்கு 7/0.67 வயர், ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன், எல்லாத்துக்கும் கறண்ட் கசிஞ்சால் உடன நிப்பாட்டுற 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச். ஈரக்கையோட ட்றையர் பிடிக்கிற வேலை இது. ட்ரிப் சுவிட்சின்ர பரிசோதனை பட்டனை மாதம் ஒருக்கா அமத்திப் பாருங்கோ.

செவ்வந்தி:

நன்றி அண்ணா. தண்ணியைச் சோதிச்சன், வெள்ளை ஆடைதான் வந்தது. ஃபில்டர் ஒண்டு பூட்டினாச் சரியாகுமோ? கீசருக்குப் பதிலா உடனடியாச் சூடாக்கிற ஹீற்றர் போடலாமோ?

கிணத்தடி:

சாதாரண ஃபில்டர் ஊத்தையைத்தான் பிடிக்கும். கரைஞ்ச கல்சியம் அதுக்குள்ளால அப்பிடியே போகும். வன்மையை எடுக்கிறது றெசின் போட்ட சொஃப்ற்னர். அதை இடைக்கிடை உப்புத்தண்ணியால கழுவவேணும், அந்த உப்புத்தண்ணி உங்கட வளவுக் குழிக்குத்தான் போகும், திரும்பக் கிணத்துக்கு வரும். யாழ்ப்பாணத்தில ஒரு சின்னப் பாலருக்கு அதை நான் சரியெண்டு சொல்லமாட்டன்.

மழைத்தண்ணி பிடியுங்கோ. 200 சதுர அடிக் கூரையில ஒரு அங்குல மழைக்கு 470 லீற்றர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில 1000 லீற்றர்த் தாங்கி ஒண்டு நிரம்ப நாள் எடுக்காது. முதல் பத்து நிமிச மழையை வெளியில விட்டிட்டுப் பிறகு பிடிக்கவேணும், மூடி இறுக்கமா இருக்கவேணும், இல்லாட்டி நுளம்பு. முழுக் கழுவலுக்கும் அது வேண்டாம். கிணத்துத் தண்ணியால கழுவிப்போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் 5 லீற்றர் எடுத்துக் கோப்பையால ஊத்துங்கோ. கலரிங், ஸ்ரெயிற்றனிங் செய்யிற தலைக்கு அந்த 5 லீற்றர் பெரிய வித்தியாசம் காட்டும். ஃபேஷியல் ஸ்ரீமருக்குக் கிணத்துத் தண்ணி விடவே கூடாது. கொஞ்ச நாளில சுண்ணாம்பு அடைச்சு, ஆவிக்குப் பதிலாக் கொதிதண்ணியை முகத்தில துப்பும்.

உடனடி ஹீற்றர் 3500 வாற்ஸ் இழுக்கும், மேல சொன்ன கணக்குக் குழம்பும். வெயில் நேரம் மேல் தாங்கித் தண்ணி தன்பாட்டில சூடாத்தான் வரும். விடியவும் மழைக்காலத்திலயும்தான் கீசர் தேவை, 15 லீற்றர் காணும்.

நூலும் கத்தரியும்:

தண்ணி, கறண்ட் கதைச்சாச்சு. நான் கைவேலைப் பக்கத்தைச் சொல்லுறன்.

பிள்ளை, மூண்டு கதிரை வேண்டாம். இரண்டு பேர் வேலை செய்யிற இடத்தில இரண்டு கதிரையும் ஒரு ஃபேஷியல் கட்டிலும் காணும். அந்தச் சின்ன அறையைக் கட்டிலுக்கு விடுங்கோ, வக்ஸிங்கும் அங்கதான். மிஞ்சிற காசைத் துவாயில போடுங்கோ. ஒரு ஆளுக்கு இரண்டு துவாய், ஒரு நாளைக்கு 8 பேர் எண்டா 16. பாவனையில ஒரு தொகுதி, தோய்க்க ஒரு தொகுதி, காய ஒரு தொகுதி, ஆக 48. மாரியில துவாய் இரண்டு நாளிலயும் காயாது, ஈரத் துவாயை மடிச்சு வைச்சால் பூஞ்சண வாசம் வரும். அந்த வாசத்தை முகத்தில வைச்ச ஆள் திரும்ப வரமாட்டா.

கண்ணாடிக்கு மேல லைற் போட்டால் கண்ணுக்குக் கீழயும் நாடிக்குக் கீழயும் நிழல் விழும். இரண்டு பக்கமும் முக உயரத்துக்குப் போடுங்கோ, 4000 கெல்வின், நிறத்தை உண்மையாக் காட்டுற சிஆர்ஐ 90க்கு மேல. 6500 கெல்வின் நீலவெள்ளையில போட்டு அனுப்பின ஃபவுண்டேஷன் வேற வெளிச்சத்தில நிறம் மாறித் தெரியும்.

சுத்தம். யூவி பெட்டி ஆயுதத்தைக் கிருமியழிக்காது, அழிச்சதைப் பத்திரமா வைக்கத்தான் உதவும். வெளிச்சம் படாத மடிப்புக்குள்ள ஒண்டும் சாகாது. கத்தரிக்கோல், சீப்பு எல்லாத்தையும் முதல் சவர்க்காரமும் பிறஷும் போட்டுக் கழுவி, துடைச்சு, பிறகு 70 வீத அல்ககோலில 10 நிமிசம் அமத்தி வையுங்கோ. ஊத்தையோட போட்டால் அல்ககோல் ஊத்தையைத்தான் நனைக்கும். நிலம், பேசினுக்கு 5 வீத ப்ளீச்சில 1 பங்குக்கு 9 பங்கு தண்ணி. ப்ளீச்சில கத்தரிக்கோலைப் போடாதேங்கோ, துருப்பிடிக்கும். ரத்தம் வரக்கூடிய நகச்சதை வெட்டி போன்றவைக்கு அழுத்த ஆவியில கிருமியழிக்கிற ஓட்டோக்ளேவ்தான் சரி, 121 பாகையில 15 நிமிசம். வக்ஸ் தடி ஒருக்காத் தோலில பட்டால் திரும்பச் சட்டிக்குள்ள போகக்கூடாது, புதுத்தடி. புருவம் எடுக்கிற நூலை வாயில கடிக்காமல் கழுத்தில கட்டிப் பழகுங்கோ.

கலரிங்தான் கூடப் பிழைக்கிற இடம். கலரோட கலக்கிற டெவலப்பர் 20 வொலியும் எண்டால் 6 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட், 30 எண்டால் 9 வீதம். நரை மறைக்க 20 காணும், 30 ஐ எடுத்தால் நேரம் குறையும் எண்டு நினைச்சு உச்சந்தலையைச் சுடவேண்டாம். கலந்து மிஞ்சினதைப் போத்தலில ஊத்தி மூடாதேங்கோ, வாயு வந்து வெடிக்கும். தகரக்கூரைக் களஞ்சியத்தில பெரொக்சைட் வைச்சால் சித்திரை வெயிலுக்கு வலு குறைஞ்சு போத்தலும் ஊதும்.

கறுப்புக் கலரில பிபிடி எண்ட ஒவ்வாமை தரக்கூடிய சாயப்பொருள் இருக்கும். காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி 48 மணித்தியாலம் விடுங்கோ. சிவந்தாலோ கடிச்சாலோ அந்த ஆளுக்குச் செய்யக்கூடாது. முந்தி கறுப்பு மெகந்தி போட்டுக் கை பொங்கின ஆள் எண்டால் அதுவே போதிய எச்சரிக்கை. எல்லாரிட்டையும் கேளுங்கோ: "தலைக்கு பக்கற் மருதாணி போட்டனீங்களோ?" சில பக்கற் தூளில உலோக உப்பு இருக்கும், அதுக்கு மேல பெரொக்சைட் பட்டால் மயிர் சூடேறி அறுந்து போகும். சந்தேகம் எண்டால் நாலு மயிரை வெட்டி, 20 வொலியும் டெவலப்பரில கொஞ்சம் அமோனியா விட்டு 30 நிமிசம் போட்டுப் பாருங்கோ. கோப்பை சுட்டாலோ, நுரைச்சாலோ, நிறம் சடுதியா மாறினாலோ அந்தத் தலையைத் தொடவேண்டாம்.

இதைக் கட்டாயம் சொல்லவேணும். வெள்ளையாக்கிற கிறீம் கேட்டு ஆக்கள் வருவினம். உள்ளடக்கம் எழுதாத, தயாரிச்ச இடம் இல்லாத டப்பா எதையும் உங்கட தட்டில வைக்காதேங்கோ. பாதரசமும் ஸ்ரெரொயிட்டும் போட்டதுகள் அதுக்குள்ளதான் வரும். பாதரசம் சிறுநீரகத்தை அழிக்கும். ஸ்ரெரொயிட் கிறீம் மாதக்கணக்காப் பூசின தோல் கடதாசிமாதிரி மெல்லிசா இருக்கும், அதில வக்ஸ் போட்டு இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஃபேஷியலுக்கு முதல் என்ன பூசுறியள் எண்டு கேட்டு எழுதி வையுங்கோ.

உறுதிக்கட்டு:

வீட்டுக்காரர் கனடாவில எண்டதைக் கவனியுங்கோ. தமக்கை சாவி வைச்சிருக்கிறதால வாடகைக்குக் குடுக்க அதிகாரம் வராது, அவவின்ர பேரில அற்றோணித் தத்துவம் (வீட்டுக்காரருக்காகக் கையெழுத்து வைக்கிற எழுத்து அதிகாரம்) இருக்கோ எண்டு பிரதியை வாங்கிப் பாருங்கோ. இலங்கையில ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதவேணும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் அது. வெறும் கடதாசியில எழுதிக் கையெழுத்து வைச்சால், பேசின் பூட்டி ரைல்ஸ் ஒட்டினபிறகு எழும்பச் சொன்னாலும் உங்களிட்டப் பிடிமானம் இராது. ஆகக் குறைஞ்சது மூண்டு வருசம் எழுதுவியுங்கோ. பேசின், கீசர், ஏசி கழட்டிக்கொண்டு போக உரிமை, மூண்டு ஃபேஸுக்குச் சம்மதம், முற்பணம் திரும்பத் தாற திகதி, மூண்டும் எழுத்தில இருக்கவேணும்.

வியாபாரப் பெயர் பிரதேச செயலகத்தில. அனுமதிப்பத்திரம் உள்ளூராட்சிச் சபையில. திருநெல்வேலி எண்டால் நல்லூர் பிரதேச சபை, எல்லைக்குக் கிட்ட எண்டால் சோலைவரிப் பற்றுச்சீட்டைப் பாருங்கோ, எந்தச் சபை எண்டு அதில இருக்கும். அந்த அனுமதி மார்கழி 31 உடன முடியும். மார்கழியில எடுத்தால் தையில திரும்பக் கட்டவேணும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அவரை வேலை முடிஞ்ச பிறகு கூப்பிடாமல், பைப் தாக்கமுதல் ஒருக்காக் கேட்டால் உடைச்சுக் கட்டுற செலவு மிச்சம்.

அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் எண்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவவின்ர 8 வீதம், உங்கட 12 வீதம், அதுக்கு மேல நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். ஒரு ஆள்தான் எண்டாலும் கட்டவேணும். கணக்கில இப்பவே போடுங்கோ.

செவ்வந்தி:

விலையை எப்பிடிப் போடுறது? பக்கத்துப் பாலரில புருவத்துக்கு வாங்கிறதையே நானும் வாங்கலாமோ?

நூலும் கத்தரியும்:

முதல் உங்கட ஒரு நிமிசத்தின்ர விலையைக் கண்டுபிடியுங்கோ. உதாரணத்துக்கு வாடகை, கறண்ட், சம்பளம், கடன் எல்லாம் மாதம் 120,000 ரூபா. 26 நாள், 8 மணித்தியாலம், 208 மணித்தியாலம். தொடக்கத்தில பாதி நேரந்தான் ஆள் இருக்கும், ஆக 104. மணிக்கு 1150, நிமிசத்துக்கு 19 ரூபா. புருவத்துக்கு 10 நிமிசம் எண்டால் 190 ரூபா உங்கட கைக்கு வராமலே போகுது. பக்கத்தில அதைவிடக் குறைவா வாங்கினால் போட்டிக்கு இறங்காதேங்கோ, புருவத்துக்கு வந்த ஆளை ஃபேஷியலுக்கு எடுக்கப் பாருங்கோ.

பொம்பிளை வெளிக்கிடுத்திறதுக்குப் பின்னால இருந்து நேரம் எண்ணுங்கோ. முகூர்த்தம் 9.10, மண்டபத்துக்கு 8.00க்கு வெளிக்கிடவேணும். முகம் 75 நிமிசம், தலை 45, சீலையும் நகையும் 40, சுணக்கத்துக்கு 30. விடிய 4.50க்குக் கதிரையில இருத்தவேணும். ஒரு விடியலுக்கு ஒரு பொம்பிளைதான். அரைவாசி முற்பணம், இரண்டு கிழமைக்கு முதல் ஒரு ஒத்திகை. ஒத்திகைக்கு வரேக்க சீலையையும் சட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. சட்டை இறுக்கம் எண்டது கலியாணத்தண்டு விடிய 6 மணிக்குத் தெரிஞ்சால் தையல்காரி ஒருத்தரும் கதவு திறக்கமாட்டினம்.