பிக்கப்பின் பின் கண்ணாடி சூடாகலையா? மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

லீவில் கடலூர் வந்திருக்கேன். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாப்புலியூரிலும் கனடா கிளம்புற தம்பிங்க நிறைய பேர் வந்து பேசினாங்க. நெய்வேலி சுரங்கத்திலும் சிப்காட்டிலும் வேலை பார்த்துட்டு ஆல்பர்ட்டா போறவங்க. போனதும் ஒரு பழைய பிக்கப் வாங்கணும்னு எல்லாருக்கும் எண்ணம். சைட்டுக்குப் போக, பனியில் ஓட்ட அது நல்ல முடிவுதான். ஆனா வாங்கும்போது யாருமே பார்க்காத ஒண்ணு இருக்கு: பின் கண்ணாடி டிஃப்ராஸ்டர், அதாவது பனி உருக கண்ணாடியைக் கரண்டில் சூடாக்குற ஏற்பாடு. நம்ம முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏத்துற பிக்கப்பில் அப்படி ஒண்ணு இருக்காது, அதனால் பார்க்கத் தோணாது. கோடையில் வாங்கிடுவாங்க. நவம்பரில்தான் பட்டன் விளக்கு எரிஞ்சும் பனி உருகலைன்னு தெரியும்.

அப்படித் தெரிஞ்சதும் நேரா ஒர்க்‌ஷாப் போகாதீங்க. எனக்குத் தெரிஞ்ச நெல்லிக்குப்பம் தம்பி ஒருத்தர்கிட்ட முழுக் கண்ணாடியையும் மாத்தணும்னு சொல்லி, ஒரு மாசச் சம்பளத்தில் பெரிய பங்கைக் கேட்டாங்க. உண்மையில் அவர் வண்டியில் எர்த் வயர் போல்ட்டு துருப்பிடிச்சிருந்தது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் அங்க ரோடு முழுக்க உப்பு தூவுவாங்க. சில்வர் பீச் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியை உப்புக்காத்து அரிக்கிற மாதிரி, அந்த உப்பு வண்டியின் ஒவ்வொரு இணைப்பையும் அரிக்கும்.

விஷயம் எளிமையானது. கண்ணாடியின் உள்பக்கம் தெரியிற மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசையை அச்சடிச்சு சுட்டது. ரெண்டு ஓரத்திலும் செங்குத்தா ஒரு பட்டை; ஒண்ணுக்கு 12 வோல்ட் வரும், இன்னொண்ணு பாடிக்கு எர்த். கோடுகள் எல்லாம் பேரலல், அதாவது ஒவ்வொண்ணும் தனித்தனியா ரெண்டு பட்டையையும் இணைக்கும். அதனால் ஒரு கோடு அறுந்தா அந்தக் கோடு மட்டும்தான் போகும். மொத்தக் கண்ணாடியும் சில்லுனு இருந்தா கோடுகள் மேல சந்தேகப்படாதீங்க. ஃப்யூஸ், ரிலே (பட்டனை அழுத்தினதும் கரண்டைத் திறந்து விடுற ஸ்விட்ச்), எர்த், ஓரத்தில் வயர் மாட்டுற தகடு, இதில் ஒண்ணுதான் காரணம்.

எஞ்சின் ஓடும்போது பட்டனைப் போட்டு, கண்ணாடி மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, இல்ல வாயால ஊதிப் பாருங்க. எந்தக் கோட்டைச் சுத்தி ஈரம் காயுது, எது காயலைன்னு கண்ணுக்கே தெரியும். வண்டி வாங்குற அன்னைக்கே, ஆகஸ்ட் வெயிலிலேயே, இதைச் செஞ்சுடலாம். பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில் அது தானா அணைஞ்சா பயப்படாதீங்க, டைமர் இருக்கு. பல வண்டிகளில் சைடு மிரர் சூடாகுறதும் இதே பட்டன்தான். மிரர் சூடாகி பின் கண்ணாடி மட்டும் சூடாகலைன்னா பட்டனில் கோளாறு இல்லைன்னு வெச்சுக்கலாம்.

அடுத்தது மல்டிமீட்டர், வோல்ட் அளக்கிற கருவி. லாரன்ஸ் ரோட்டில் சின்னதா ஒண்ணு வாங்கிப் பெட்டியில் போட்டுக்குங்க, அங்க போய் எத்தனையோ வேலைக்கு ஆகும். டிஃப்ராஸ்டர் ஓடும்போதே, மீட்டரை டிசி வோல்ட்டில் வெச்சு, கறுப்பு முனையை வண்டி பாடியில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடிங்க. சிவப்பு முனையில் கொஞ்சம் அலுமினிய ஃபாயில் சுத்திக்குங்க, இல்லைன்னா கூர்முனை கோட்டைக் கீறிடும். ஒரு பக்கப் பட்டையில் 12 முதல் 14 வரை காட்டணும், மறுபக்கம் கிட்டத்தட்ட சைபர். ரெண்டு பக்கமும் 12 காட்டினா எர்த் விட்டுப் போச்சு. போல்ட்டைக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கிடுங்க. ரெண்டு பக்கமும் சைபர்னா கரண்டே வரலை, ஃப்யூஸையும் ரிலேவையும் பாருங்க. ஃப்யூஸ் எரிஞ்சிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும். பெருசாப் போட்டா வயரே எரியும், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

ஒரு கோடு மட்டும் செத்திருந்தா அதோட நடுவில் சிவப்பு முனையை வைங்க. நல்ல கோட்டில் நடுவில் சுமார் 6 காட்டும். 12 காட்டினா அறுந்த இடம் எர்த் பக்கத்துப் பாதியில் இருக்கு. சைபர் காட்டினா கரண்டு வர்ற பக்கத்துப் பாதியில். அந்தப் பாதியில் முனையை மெதுவா நகர்த்திக்கிட்டே போங்க. எங்க எண் சட்டுனு குதிக்குதோ அங்கதான் அறுந்திருக்கு. கண்ணுக்கே தெரியாத மயிரிழை வெட்டுகூட இப்படி மாட்டிக்கும். வெளியே ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வெச்சுக்குங்க.

அறுந்த கோட்டைச் சேர்க்க, மின்சாரம் கடத்துற வெள்ளி பெயின்ட் கிட் அங்க ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் சுலபமாக் கிடைக்கும். இங்கிருந்து எடுத்துட்டுப் போக நினைக்காதீங்க, தீப்பிடிக்கும் திரவம், விமானத்தில் விட மாட்டாங்க. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, கோட்டுக்கு மேலயும் கீழயும் டேப் ஒட்டி, கோட்டளவு அகலத்துக்கு ரெண்டு மூணு தடவை பூசுங்க. ஹீட்டர் இருக்கிற கராஜில் செய்யுங்க, மைனஸ் இருபது டிகிரியில் பெயின்ட் பிடிக்காது. ஒரு நாள் முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் பட்டனைப் போடணும். தகடு கழண்டிருந்தா மின்சாரம் கடத்துற எபாக்சி பசை தனியா இருக்கு, சாதாரணப் பசை உதவாது. பழக்கமில்லாதவங்க சால்டரிங் வேண்டாம், சூடு அதிகமானா கண்ணாடியில் விரிசல் விட்டுடும்.

பிக்கப்புக்குன்னு சில சங்கடங்கள் உண்டு. நடுக் கண்ணாடி நகரும் ஸ்லைடரா இருந்தா, பல வண்டிகளில் ஓரக் கண்ணாடிகளில் மட்டும்தான் கோடு இருக்கும்; நடுவில் பனி தங்கினா அது பழுது இல்லை. கையால் தள்ளுற ஸ்லைடர் வண்டிகள் பலதில் கோடே இருக்காது. அப்புறம், பின் சீட்டுக்குப் பின்னாடி ஜாக்கி, கருவி, பனி சுரண்டி எல்லாம் திணிச்சு வைப்போம். அதுங்க உரசித்தான் கோடு அறுது. கண்ணாடியில் ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டுறதும், பழைய டின்ட் ஃபிலிமை வெடுக்குனு உரிக்கிறதும் அதே வேலையைச் செய்யும்.

திருவந்திபுரத்துத் தங்கச்சி ஒருத்தர் கேட்டாங்க, டிஃப்ராஸ்டர் நல்லா இருந்தும் ஏன் கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் மூடிக்கிட்டே இருக்குன்னு. ஊரில் வெயிலுக்கும் புழுதிக்கும் ரீசர்குலேஷன் பட்டனை (வெளிக்காத்தை விடாம உள்காத்தையே சுத்த விடுறது) போட்டே பழகிட்டோம். அங்க குளிரில் அதைப் போட்டா நம்ம மூச்சின் ஈரமும் பூட்ஸில் ஒட்டி வந்த பனியும் வெளியே போக வழியில்லாம கண்ணாடியில் படியும். அதை அணைச்சிட்டு ஏசியைச் சூடான காத்தோட சேர்த்துப் போடுங்க, ஏசி ஈரத்தை இழுத்துடும். கண்ணாடி மேல வெந்நீர் மட்டும் ஊத்தவே கூடாது, வெடிச்சிடும். 2018 மே மாசத்துக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் பின் கேமரா கட்டாயம்தான், ஆனா ரோட்டுச் சேறும் பனியும் முதலில் மூடுறது அந்த லென்ஸைத்தான். பின்னாடி கண்ணாடி வழியாப் பார்த்தே ஆகணும்.

இன்னும் சரியாகலைன்னா வண்டி மாடல், வருஷம், ரெண்டு பட்டையிலும் காட்டின வோல்ட், இந்த மூணையும் எழுதுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.