இரு உலகப் போர்களுக்கு நடுவே இசை எழுதிய பெண்கள்: அடுத்து எதைக் கேட்கலாம்?

கேள்வி: இசையமைப்பாளர் ரெபேக்கா கிளார்க் 1919இல் வயோலாவுக்கும் (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) பியானோவுக்கும் எழுதிய வயோலா சொனாட்டாவை நேற்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், பியானோ அசையாமல் நிற்க வயோலா எழுந்து கூப்பிடுகிற அந்தத் தொடக்கம் இன்னும் காதிலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்களின் சேம்பர் இசையில் (சில கருவிகள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசை) வேறு எதைக் கேட்கலாம்?

பதில்: அந்த சொனாட்டா கூலிட்ஜ் என்ற இசையமைப்புப் போட்டியில் இசையமைப்பாளர் எர்னஸ்ட் பிளாக்கின் படைப்போடு சமநிலையில் வந்து, கடைசியில் பரிசு பிளாக்குக்குப் போனது. கிளார்க்கின் 1921 பியானோ ட்ரியோவையும் (பியானோ, வயலின், செல்லோ) விடாதீர்கள்.

பதில்: ரூத் க்ராஃபோர்டு சீகர், ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ), 1931. மூன்றாம் பகுதியில் நான்கு கருவிகளும் சுரங்களை நீட்டிப் பிடித்திருக்க, ஒலி மட்டும் ஒன்று மாற்றி ஒன்றில் பெருகி அடங்கும். ஹெட்போனில் கேளுங்கள், மூச்சு விடுவது மாதிரியே இருக்கும்.

பதில்: எலிசபெத் மக்கான்கி! 13 ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகள், முதல் மூன்று 1930களிலேயே.

கேட்டவர்: சரி, இன்றிரவு சீகர்.