ஒழுங்கைக் குழு: பிரஸ் எக்ஸ்பி மெசின் இழுபடுது

சுதா அக்கா: பிரஸ்ஸிலை நிக்கிற விண்டோஸ் எக்ஸ்பி மெசினிலை ஒரு பைல் கொப்பி பண்ணத் தொடங்கினால் மவுஸும் இழுபடுது, பாட்டும் விக்குது. வைரஸோ?

குகன்: டாஸ்க் மனேஜரிலை பெர்போமன்ஸ் பக்கம் போங்கோ. வியூ மெனுவிலை ஷோ கெர்னல் டைம்ஸ் போட்டிட்டு கொப்பி பண்ணிப் பாருங்கோ. சிவப்புக் கோடு (விண்டோஸின்ரை உள்வேலை) பச்சையோடை (மொத்த வேலை) ஒட்டி ஏறுதோ?

சுதா அக்கா: ஓம், ரெண்டும் உச்சியிலை.

குகன்: அப்ப டிஸ்க் வேகமான டிஎம்ஏ முறையிலை இருந்து பழைய பிஐஓ முறைக்கு இறங்கீட்டுது போலை. டிவைஸ் மனேஜர் > ஐடிஇ கொன்ட்ரோலர்ஸ் > பிரைமரி ஐடிஇ சனல் > அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ். மேலை "டிஎம்ஏ இப் அவெய்லபிள்" எண்டு கிடக்கும், அதை நம்பாதேங்கோ. அது நாங்கள் கேட்டது. கீழை கறன்ட் மோட் என்ன?

சுதா அக்கா: பிஐஓ மோட். மேலை டிஎம்ஏதான் கிடக்கு!

குகன்: டிஎம்ஏ எண்டால் கொன்ட்ரோலர் நேரை ராமுக்கு எழுதும். பிஐஓவிலை ஒவ்வொரு துண்டையும் பிராசசரே தூக்கி வைக்கோணும், அதுதான் மவுஸ் இழுபடுறது. அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5 எண்டால் செக்கனுக்கு 100 எம்பி, பிஐஓ மோட் 4 எண்டால் கடதாசியிலேயே 16.7தான். டைம் அவுட்டும் (டிஸ்க் நேரத்துக்குப் பதில் தராதது) சிஆர்சி பிழையும் (டேட்டா வழியிலை பழுதாகிறது) மொத்தம் 6 சேர்ந்தால் எக்ஸ்பி படிப்படியாய் வேகத்தைக் குறைச்சு, கடைசியிலை பிஐஓவிலை விட்டிடும். தானாய்த் திரும்ப ஏறாது.

மயூரன்: அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் குடுத்தால் சரி அண்ணை. விண்டோஸ் புதுசாய்க் கண்டுபிடிச்சு டிஎம்ஏயிலை வரும்.

குகன்: வரும். கேபிள் பழுதெண்டால் கொஞ்ச நாளிலை திரும்பவும் விழும். முதல் கேபிளைப் பாருங்கோ அக்கா. பவரைக் கழட்டிப்போட்டுத் திறவுங்கோ. ரிபன் கேபிளிலை மொத்தக் கம்பி 40 எண்டால் செக்கனுக்கு 33 எம்பிக்கு மேலை போகவே ஏலாது. மெல்லிசாய் 80 கம்பி வேணும். நீல முனை மதர்போர்டிலை, கறுப்பு மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), சாம்பல் ஸ்லேவுக்கு (ரெண்டாவது). நீலத்தை மாறிச் செருகினால் 80 கம்பி கேபிள் எண்டு போர்டுக்குத் தெரியாமல் போகலாம். நீளம் 18 அங்குலத்துக்கு மேலை வேண்டாம்.

சுதா அக்கா: டிஸ்க்கே பழுதெண்டால்?

குகன்: இவென்ட் வியூவர், சிஸ்டம் பக்கம். ஏடிஏபிஐ (டிஸ்க் சனலின்ரை டிரைவர்) பேரிலை இவென்ட் நம்பர் 9 எண்டால் டைம் அவுட், 5 எண்டால் பெரும்பாலும் கேபிள். டிஸ்க் பேரிலை 7 எண்டால் பேட் பிளொக், டிஸ்க்கிலை கெட்ட இடம். அது வந்தால் மோட் மாத்திறதை விட்டிட்டு முதல் பைல்களை எடுங்கோ. எதுக்கும் இப்பவே ஒரு பக்கப் எடுத்து வையுங்கோ.

மயூரன்: ஸ்மார்ட்டிலை (டிஸ்க் தானே வைக்கிற உடல்நலக் கணக்கு) 199ஆம் வரியையும் பாருங்கோ. அதுதான் கேபிள் பிழைக் கணக்கு. கேபிள் மாத்தினாலும் குறையாது, மேலை ஏறாமல் நிண்டால் காணும். அதிலை 5ஆம், 197ஆம் வரிகள் (கெட்ட இடங்களின்ரை கணக்கு) ஏறினால் டிஸ்க்தான் பழுது.

சங்கர் மாமா: என்ரை விண்டோஸ் 10இலை பயோசிலை டிஸ்க் முறையை ஐடிஇயிலை இருந்து புது ஏஎச்சிஐக்கு மாத்தினால் நீலத் திரை வருது. அதுவும் இதோ?

மயூரன்: இல்லை மாமா, பூட் நேரத்து டிரைவர் பிரச்சினை. திரும்ப ஐடிஇ போட்டு உள்ளை வாங்கோ. எம்எஸ்கொன்பிக் > பூட் > சேப் பூட் டிக் பண்ணி ரீஸ்டார்ட், அப்ப பயோசிலை ஏஎச்சிஐ. சேப் மோடிலை ஏறின பிறகு டிக்கை எடுங்கோ. பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிறது) போட்டிருந்தால் முதலிலை சஸ்பென்ட் பண்ணுங்கோ.

குகன்: அக்கா, நீங்கள் ஏஎச்சிஐ பக்கமே போகாதேங்கோ. எக்ஸ்பியிலை அந்த டிரைவர் இல்லை.

சுதா அக்கா: 40 கம்பிதான் கிடக்கு. எங்கை எடுக்கிறது?

சங்கர் மாமா: என்னட்டை கழட்டின பென்டியம் 4 ஒண்டு கிடக்கு. அதுக்குள்ளை இருக்கும், பின்னேரம் வாங்கோ.

குகன்: மடிச்ச தடம் இருந்தால் அதையும் போடாதேங்கோ அக்கா.