மறு: ‘அட்ஜுவன்ட்’: துணையா, இணையா?

அன்புடையீர்,

புற்றுநோய் அறுவையோடு சேர்த்து, அதற்குப் பின் தரும் கீமோ போன்ற ‘அட்ஜுவன்ட்’ சிகிச்சைக்குத் ‘துணைச் சிகிச்சை’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறதே, இன்னொன்று எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இரைப்பைப் புற்றுநோய்க் கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது வந்த வினை இது. மெய்ப்புப் பார்த்துத் தந்த பெரியவர், தாமே இரைப்பை அகற்றப்பட்டவர், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “துணைதானே? வேண்டாமென்றால் விட்டுவிடலாமா?”

அவர் மீது தப்பில்லை, சொல் அப்படி. இரைப்பையையும் அதைச் சுற்றிய நிணநீர்க் கணுக்களையும் எடுத்த பிறகும், ஸ்கேனில் சிக்காத புற்றணுக்கள் உடலில் தங்கியிருக்கலாம். கத்தி எட்டாத அந்த இடத்துக்குத்தான் கீமோ. 2006இல் வெளியான ‘மேஜிக்’ ஆய்வில் (இரைப்பையோடு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிப் புற்றும் சேர்த்தி) அறுவைக்கு முன் மூன்று சுற்று கீமோ, பின் மூன்று சுற்று என்று திட்டமிட்ட அணியில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 36 விழுக்காடு. அறுவை மட்டும் என்ற அணியில் 23. இதைப் போய்த் ‘துணை’ என்றால் ஒப்புக்குச் சப்பாணி போல இருக்கிறது. போதாக்குறைக்கு, ‘துணை மருத்துவம்’ என்றால் பாராமெடிக்கல் படிப்பு என்றே பலர் படிப்பார்கள்.

‘நியோஅட்ஜுவன்ட்’டுக்கு வந்த ‘புத்துணை’ வேண்டாம். அங்கே ‘நியோ’வுக்குப் புதுமை பொருளல்ல, அறுவைக்கு முன்னதாகத் தருவது என்பதே பொருள். தவிர, புத்துணை என்றதும் மறுமணம்தான் நினைவுக்கு வருகிறது! அறுவைக்கு முன்னும் பின்னும் தருவதற்குச் சொல்லும் ‘இருபாற் சிகிச்சை’யும் அப்படியே, ஆண்பால் பெண்பால் என்று போய்விடும்.

என் பரிந்துரை: முன்னிணை சிகிச்சை, பின்னிணை சிகிச்சை, இரண்டும் சேர்ந்தால் முன்பின் இணைசிகிச்சை. முன்னா பின்னா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். மேஜிக்கில் ஆறு சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அறுவைக்குப் பிறகு சாப்பாடு இறங்காமல், எடை குறைந்து, பலருக்கு அடுத்த சுற்றைத் தாங்கும் தெம்பு இருப்பதில்லை. முன்னதாகவே கொஞ்சம் கொடுத்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். “முன்னிணையாக நான்கு சுற்று கொடுத்தோம்” என்று மருத்துவர் வாயில் தடங்கலின்றி வருகிறதா, சொல்லிப் பாருங்கள். எனக்கு வருகிறது.

‘இணை’ என்றால் ஒரே நேரத்தில் என்று படாதா என்ற ஐயம் நியாயமானது. கீமோவும் கதிரும் ஒருசேரத் தருவதற்கு ‘உடனிகழ்’ என்று ஒதுக்கிவிடலாம். தடுப்பூசியில் சேர்க்கும் அலுமினிய உப்பும் அட்ஜுவன்ட்தான். அதற்குத் ‘துணையூக்கி’ இருக்கட்டும், அங்கே துணை பொருந்துகிறது.

பெரியவரிடம் ‘பின்னிணை’யைக் காட்டினேன். “புத்தகத்துப் பின்னிணைப்பு மாதிரியா? அதை யார் படிக்கிறார்கள்?” என்றார். இதற்குத்தான் எனக்கு விடை இல்லை. யாருக்காவது வேறு சொல் தோன்றுகிறதா?