‘நம்ம வீடு’ குழு: சம்பளம் வரலை, சாமான் இருக்கு

கவிதா: முரளி கம்பெனியில இந்த மாசமும் சம்பளம் போடலை. எப்ப வரும்னு தெரியலை. அதனால மளிகை வாங்குறதா இல்லை, ஸ்டோர்ல இருக்கறத வச்சு ஓட்டணும். லிஸ்ட் போடறேன், வழி சொல்லுங்க

முரளி: இதை குரூப்ல போடணுமா

கவிதா: போட்டாச்சு

தீபா: நல்லதுதான். லிஸ்ட் அனுப்பு

கவிதா: புழுங்கலரிசி 22 கிலோ. ஊர் நெல்லு அரைச்சது 14, ரேஷன் 8, ரெண்டும் ஒரே டிரம்ல. வண்டு இருக்கு
துவரம்பருப்பு 3 கிலோ, பழசு, வேக மாட்டேங்குது
கடலைப்பருப்பு 1, உளுந்து ஒன்றரை, அதுவும் பழசு
கொண்டைக்கடலை 2, கொள்ளு 1, ராஜ்மா அரை கிலோ
ராகி மாவு 1, வேர்க்கடலை 1
புளி 2 கிலோ, சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல்
நல்லெண்ணெய் ஒண்ணரை லிட்டர், அதுல ஒரு பாட்டில் திறந்து ரொம்ப நாளாச்சு
ஆள் அஞ்சு பேர், அதுல ரெண்டு பசங்க

சரோஜா பெரியம்மா: சங்கர் அனுப்பற ஊர் நெல்லுல உனக்கு 14 கிலோவாவது வந்துதே. எங்களுக்கு அதுவும் வரலை

பிரபு: 😬

தீபா: பெரியம்மா அதைத் தனியா பேசிக்கலாம்

ராஜி அத்தை: கவிதா, முதல்ல கணக்கு. அஞ்சு பேருக்கு ரெண்டு வேளைச் சோறு, ஒரு வேளை டிபன் மாவு, எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 800 கிராம் அரிசி. 22 கிலோ 27 நாள் வரும். பருப்பு தினம் 100 கிராம்னு வச்சா துவரை மட்டுமே ஒரு மாசம். அதனால அரிசி பருப்புக்கு ஒரு ரூபா எடுக்காதே. கையில இருக்கற காசு பால், தயிர், வெங்காயம், கீரை இதுக்கு மட்டும். எது சீக்கிரம் கெடுமோ அதை முதல்ல தீர்க்கணும்: ராகி மாவு, வேர்க்கடலை, திறந்த எண்ணெய். புளியும் வத்தலும் கடைசி வரைக்கும் தாங்கும். புளி கறுத்துப் போனா பயப்படாதே, பூஞ்சை இல்லைன்னா நல்ல புளிதான்.

பிரபு: அத்தை குரல் செய்தி அனுப்பாம டைப் பண்றாங்க, அதுக்கே நன்றி சொல்லணும்

ராஜி அத்தை: முடிக்கலை, இரு

முரளி: அரிசியை மொட்டை மாடியில காயப் போட்டா வண்டு போயிடாதா?

ராஜி அத்தை: வெயில்ல போடாதே. நேர் வெயில் பட்டா மணியில விரிசல் விழும், வடிக்கும்போது உடைஞ்சு குழையும். நிழலா, நல்லா வெளிச்சம் வர்ற இடத்துல துணி விரிச்சு மெல்லிசா பரத்து. வெளிச்சம் பிடிக்காம வண்டு தானே ஓடும். ரெண்டு மணி நேரம் கழிச்சு சல்லடையில போட்டா மாவும் மிச்ச வண்டும் கீழ விழும். முறத்துல புடைச்சு நொய்யைத் தனியா எடுத்து வை, அதுக்கு வேலை இருக்கு.
ஆனா இதோட முடியாது. வண்டு முட்டையை மணிக்குள்ள வைக்கும். வெளிய தெரியாது, ஒரு மாசம் கழிச்சு மறுபடி கிளம்பும். அதனால ரெண்டு ரெண்டு கிலோவா கவர்ல கட்டி ஃப்ரீசர்ல நாலு நாள். எடுத்ததும் கவரைப் பிரிக்காதே. குளிர் முழுக்கப் போகணும். உடனே பிரிச்சா அரிசியில ஈரம் கோத்துக்கும், அப்புறம் பூஞ்சைதான்.

கவிதா: ஃப்ரீசர் சின்னது அத்தை, ஒரு தடவைக்கு 4 கிலோ தான் போகும்

ராஜி அத்தை: முறை வச்சுப் போடு. வெளியில இருக்கறதுல இருந்து சமைக்க எடு

சரோஜா பெரியம்மா: போரிக் பவுடர் கலந்து வச்சா வண்டே வராது

ராஜி அத்தை: அண்ணி வேண்டவே வேண்டாம். அது விஷம், எத்தனை தடவை கழுவினாலும் முழுக்கப் போச்சுன்னு சொல்ல முடியாது. பசங்க இருக்கற வீடு. அரிசிக்கு வேப்பிலையைக் காய வச்சுப் போடட்டும், இல்ல காஞ்ச மிளகாய். பருப்புக்கு விளக்கெண்ணெய், கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், கையால பிசறி வைக்கணும்

பிரபு: ⏩ பலமுறை பகிரப்பட்டது
எச்சரிக்கை!! ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலப்படம்!! தண்ணீரில் போட்டால் மிதக்கிறது!! உடனே அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

கவிதா: ஐயோ. நம்ம டிரம்ல இருக்கறதுலயும் மிதக்குதே

தீபா: பிரபு உனக்கு வேற வேலையே இல்லையா

ராஜி அத்தை: பிளாஸ்டிக்கும் இல்லை ஒண்ணும் இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுல இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேத்துப் பிசைஞ்சு மெஷின்ல அரிசி வடிவத்துல இழுக்கறது. 100 கிலோ ரேஷன் அரிசிக்கு 1 கிலோன்னு கலந்திருப்பாங்க. லேசா இருக்கறதால சிலது மிதக்கும்.
கவிதா நீ பாக்க வேண்டியது இதான். வண்டு தின்ன மணியும் மிதக்கும். எடுத்துப் பாரு, ஊசியால குத்தின மாதிரி ஓட்டை இருக்கும், நகத்தால அழுத்தினா மாவா நொறுங்கும். அதைக் கொட்டிடு. ஓட்டை இல்லாம, எல்லாம் ஒரே அச்சா, வெளுப்பு கொஞ்சம் மாறி இருந்தா அது சத்தரிசி. அதை வடிச்சு ஊத்திடாதே. ரொம்ப நேரம் தேச்சுக் கழுவவும் வேண்டாம், ரெண்டு தண்ணி போதும்.

பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி: நீக்கினா பாக்கலைன்னு ஆயிடுமா டா

சரோஜா பெரியம்மா: ஊர் அரிசியில இந்தப் பிரச்சினையே இல்லை. வந்தாத்தானே

தீபா: பெரியம்மா...

பிரபு: நெல்லு பத்தின மெசேஜுக்கு எங்கப்பாகிட்டருந்து நீல டிக் வந்துருச்சு. படிச்சுட்டார்

கவிதா: துவரம்பருப்பு சொல்லுங்க. ஆறு விசில் விட்டும் முழுசு முழுசா நிக்குது. கேஸ் தான் தீருது

ராஜி அத்தை: எந்தத் தண்ணியில வேக வைக்கறே?

கவிதா: போர் தண்ணி

ராஜி அத்தை: பாதிக் காரணம் அதான். உப்புத் தண்ணியில இருக்கற சுண்ணாம்பு பருப்பை இறுக்கிடும். பழசானா பருப்பு ஏற்கெனவே உள்ளுக்குள்ள கெட்டிப்பட்டிருக்கும். குடிக்கற தண்ணியில ராத்திரியே ஊற வை. காலையில தண்ணியை மாத்தி, ஒரு டம்ளர் பருப்புக்கு மூணு டம்ளர் தண்ணி, மஞ்சள், அரை ஸ்பூன் எண்ணெய், நாலு விசில், பத்து நிமிஷம் சிம்ல. அப்பவும் நின்னா அடுத்த தடவை ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, ரெண்டு விரல்ல எடுக்கறது, அதுக்கு மேல போனா சோப்பு வாடை வரும், பி1 சத்தும் போயிடும். புளி, தக்காளி எதுவும் பருப்பு மசியற வரைக்கும் உள்ள போகக் கூடாது. புளிப்பு பட்டா வேகறது நின்னுடும்.

தீபா: அத்தை, வேகாத பருப்பை ஏன் வேக வைக்கணும். அரைச்சுடலாமே

ராஜி அத்தை: அதைத்தான் சொல்ல வந்தேன், நீ முந்திட்டே

தீபா: அடை. கவிதா, அரிசி 2 டம்ளர், துவரை முக்கால், கடலைப்பருப்பு முக்கால், உளுந்து கால், மிளகாய் ஆறு. பழசுங்கறதால அஞ்சு மணி நேரம் ஊறணும். ரவை பதத்துக்கு அரை, நைஸா போச்சுன்னா தோசை மாதிரி சவ்வா வரும். புளிக்க வேண்டாம், உடனே வார்க்கலாம். நடுவுல குழி பண்ணி எண்ணெய் விட்டு மூடி வேக வை

ராஜி அத்தை: கடலைப்பருப்புக்குப் பதிலா கொள்ளு கால் டம்ளர் வரைக்கும் போடலாம். அதுக்கு மேல போட்டா அடை வறண்டு திருப்பும்போது விண்டு போகும்.
மிச்சத் துவரையில ஒரு டம்ளர் எடுத்து சிவக்க வறுத்து, மிளகாய் நாலு, மிளகு அரை ஸ்பூன், பூண்டு நாலு பல் தோலோட, உப்பு போட்டுப் பொடி பண்ணிடு. பூண்டை நல்லா ஈரம் போக வறு, இல்லைன்னா பொடி கட்டி தட்டும். காய் இல்லாத அன்னைக்கு சூடு சோறும் அந்தப் பொடியும் போதும்.

முரளி: நல்லெண்ணெய் வேணுமே

கவிதா: அந்தத் திறந்த பாட்டில் ஒரு மாதிரி வாடை வருது

ராஜி அத்தை: காறல் வாடையா? உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுத் தேச்சு மோந்து பாரு. மூக்குல குத்தினா விளக்குக்கு வை. காய்ச்சினா சரியாப் போயிடும்னு யாராவது சொன்னா கேக்காதே

கோபால் மாமா: 🙏 காலை வணக்கம் 🌹

பிரபு: மாமா மணி பன்னெண்டு

கோபால் மாமா: என்ன விஷயம். யாருக்கு என்ன?

தீபா: மேல படிங்க மாமா

கவிதா: உளுந்து? தோசை மாவு பொங்கவே மாட்டேங்குது

ராஜி அத்தை: பழைய உளுந்து காணாது. நாலுக்கு ஒண்ணு போடற இடத்துல மூணரைக்கு ஒண்ணு போடு, வெந்தயம் ஒரு ஸ்பூன். பழைய சோறு ஒரு கைப்பிடி கடைசியில சேத்து அரை. தண்ணி ஐஸா இருக்கணும், தெளிச்சுத் தெளிச்சு அரைக்கணும், கல் சூடானா மாவு இறுகிடும். ஒரு சொட்டு மாவைத் தண்ணியில போட்டா மிதக்கணும். மிதக்கலைன்னா இட்லிக்கு ஆகாது, தோசையோட நிறுத்திக்கோ. மிக்சியில இது வராது, கிரைண்டர் வேணும்

கவிதா: கிரைண்டர் இங்க இல்லையே அத்தை

தீபா: எங்க இருக்கு?

கவிதா: பெரியம்மா வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போச்சு

சரோஜா பெரியம்மா: யாரும் கேக்கலை, அதனால இருக்கு. வந்து எடுத்துக்கச் சொல்லு

பிரபு: நெல்லுக்கு கிரைண்டர் ஈடு போல 😂

சரோஜா பெரியம்மா: பிரபு நீ பேசாதே

ராஜி அத்தை: வேர்க்கடலையைப் பாத்தியா கவிதா? தட்டுல கொட்டிப் பாரு

கவிதா: 📷 படம்
ஓரத்துல கொஞ்சம் பச்சையா இருக்கு. அதை மட்டும் பொறுக்கிட்டு மிச்சத்தை வறுத்துடவா

ராஜி அத்தை: முழுசாத் தூக்கிப் போடு. கடலைப் பூஞ்சையில அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சு வரும், ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேக வச்சாலும் முழுசாப் போகாது. கண்ணுக்குத் தெரியாத கடலையிலயும் பரவியிருக்கும். கையை இறுக்கிப் பிடிக்கற நேரம்னாலும் இதுல மிச்சம் பிடிக்காதே

முரளி: ஒரு கிலோ கடலை 😔

தீபா: ஆஸ்பத்திரி செலவு வேண்டாம்ல. கொண்டைக்கடலைக்கு வா. அரை கிலோவா ராத்திரி ஊற வை, ஒரே தடவை கேஸ். குக்கர்ல கீழ கடலை, மேல தட்டுல பசங்களுக்கு உருளைக்கிழங்கு. ஒரு பங்கு சுண்டல், ஒரு பங்கு குழம்பு, ஒரு பங்கை மசிச்சு வெங்காயம் போட்டுத் தட்டி தோசைக்கல்லுல சுட்டுடு. வெந்த தண்ணி ரசத்துக்கு. ஃப்ரிட்ஜ்ல மூணு நாள் தாங்கும், அதுக்கு மேல வேண்டாம்

ராஜி அத்தை: ராஜ்மா மட்டும் ஜாக்கிரதை. ராத்திரி முழுக்க ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடணும். குக்கர்ல வேக வச்சு நசுக்கினா வெண்ணெயா மசியணும். அரைவேக்காடா தின்னா வாந்தியும் பேதியும் பிடுங்கும், பச்சையா இருக்கறதை விட மந்தமா சூடு பண்ணினதுல நஞ்சு இன்னும் ஜாஸ்தியாகலாம். பாத்திரத்துல செஞ்சா நல்லா தளதளன்னு பத்து நிமிஷமாவது கொதிக்கணும், அப்புறம்தான் சிம்.

முரளி: காயே இல்லாத நாளைக்கு?

ராஜி அத்தை: வத்தக்குழம்பு. எலுமிச்சை அளவு புளி, மூணு டம்ளர் கரைசல். நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி, சுண்டை வத்தல் பொரிஞ்சு உப்பி வந்ததும் நிறுத்து, கறுத்தா குழம்பு பூரா கசக்கும். சாம்பார் பொடி ரெண்டு ஸ்பூனை அந்த எண்ணெயிலயே சிம்ல பத்து விநாடி வதக்கிப் புளி ஊத்து. எண்ணெய் மேல பிரியற வரைக்கும் கொதிக்கட்டும். உப்பு கடைசியில, வத்தல்லயே உப்பு இருக்கு

முரளி: தினமுமா 😭

கவிதா: நீங்க சமைச்சா மெனு மாத்திக்கலாம்

தீபா: 😂😂

ராஜி அத்தை: ராகி மாவை நாக்குல வச்சுப் பாரு, கசந்தா வேண்டாம். நல்லா இருந்தா ஒரு டம்ளரை மூணு டம்ளர் தண்ணியில கரைச்சு ராத்திரி புளிக்க விடு. காலையில அந்த நொய்யரிசி அரை டம்ளரைக் குழைய வேக வச்சு, கரைச்சதை ஊத்திக் கட்டி தட்டாம கிண்டு. ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதான் பதம். மோரும் சின்ன வெங்காயமும் போட்டா காலை டிபன் முடிஞ்சது

கோபால் மாமா: படிச்சேன். கம்பெனிக்கு எழுத்துல கேட்டியா முரளி? வாயால கேட்டா ஆதாரம் இருக்காது

முரளி: மெயில் போட்டிருக்கேன் மாமா

கோபால் மாமா: நான் ஒருத்தரைக் கேட்டுச் சொல்றேன்

தீபா: ஞாயித்துக்கிழமை எல்லாரும் இங்க வாங்களேன். அடை மாவு மொத்தமா அரைச்சுப் பிரிச்சுக்கலாம். கவிதா அரிசி பருப்பு, நான் வெங்காயம் மிளகாய் எண்ணெய்

பிரபு: தின்ன நான்

சரோஜா பெரியம்மா: ஞாயித்துக்கிழமை எனக்கு அஷ்டமி

தீபா: அடைக்கு என்ன அஷ்டமி பெரியம்மா

சரோஜா பெரியம்மா: பாக்கலாம். கிரைண்டரை யாராவது வந்து தூக்கிட்டுப் போங்க, என்னால முடியாது

சங்கர் சித்தப்பா: நெல்லு விஷயம் அடுத்த வாரம் பேசுவோம்

ராஜி அத்தை: சங்கரா எந்த அடுத்த வாரம்? கவிதாவுக்கு இன்னொரு மூட்டை இப்பவே அனுப்பலாமே

சரோஜா பெரியம்மா: எனக்கும்தான்

பிரபு: அப்பா ஆஃப்லைன்

கோபால் மாமா: கொள்ளு உடம்புக்குச் சூடுன்னு சொல்வாங்க. பாத்து சாப்பிடுங்க

முரளி: கிரைண்டர் நான் எடுத்துட்டு வரேன். சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையா?

தீபா: பெரியம்மா சொல்லட்டும்

கவிதா: இப்ப நாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப் போடவா, துவரை ஊறப் போடவா? ஒரு பாத்திரம்தான் காலியா இருக்கு

ராஜி அத்தை: துவரை

தீபா: கடலை